மியூனிக்கா... மியூன்ஷெனா?

இந்த வாரம் நம்ம இங்கிலீஷ் வண்டி ஜெர்மனி வரைக்கும் போகுது. கிளம்புற இடம், திருவேற்காடு!

பூந்தமல்லி - ஆவடி ரோட்டுல ஏதாவது ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் கேன்டீன்ல காதைத் தீட்டிக்கிட்டு உட்காருங்க. ஃபைனல் இயர் கோஷ்டி ஒண்ணு, எம்.எஸ். படிக்க ஜெர்மனிக்கு அப்ளை பண்றதைப் பத்திப் பேசிட்டிருக்கும். அதுல ஒரு சண்டை கட்டாயம் வரும். 'மியூனிக்னு எழுதாதே மச்சி, அது வெள்ளைக்காரன் வெச்ச பேரு. ஜெர்மன்காரன் மியூன்ஷென்னுதான் சொல்வான்'னு ஒருத்தர் மிரட்டுவார். எது சரி?

ரெண்டுமே சரி. எந்த மொழியில எழுதுறீங்கங்கிறதுதான் கேள்வி. இங்கிலீஷ் வாக்கியத்துல மியூனிக். ஜெர்மன்ல பேசினா மியூன்ஷென். அதேமாதிரி இங்கிலீஷ்ல கொலோன், ஜெர்மன்ல க்யோல்ன். இங்கிலீஷ் லெட்டர்ல 'மியூன்ஷென்'னு எழுதினா மரியாதை கூடாது. படிக்கிறவர் லேசா சிரிப்பார், அவ்வளவுதான். அந்த ஊர் யுனிவர்சிட்டியே ஜெர்மன்ல 'டெக்னிஷ யுனிவர்சிடேட் மியூன்ஷென்', இங்கிலீஷ்ல 'டெக்னிகல் யுனிவர்சிட்டி ஆஃப் மியூனிக்'னுதான் தன் பேரை எழுதுது.

இன்னொண்ணு. மியூனிக்கிறது இங்கிலீஷ்காரன் கடிச்சுத் துப்பின பேருன்னு நினைக்காதீங்க. 1158-ல அந்த ஊரைப் பத்தி எழுதப்பட்ட பத்திரத்துல 'முனிகென்'னு இருக்கு. மடத்துத் துறவிகள் இருந்த இடம்னு அர்த்தம் சொல்றாங்க. சொந்த ஊர்ல பேர் மாறிடுச்சு. வெளியூர்ல பழைய சாயல் தங்கிடுச்சு. கொலோன் கதையும் அப்படித்தான். ரோமானியர்கள் 'கொலோனியா'ன்னாங்க, அதாவது குடியேற்றம். அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. காய்ச்சல் வந்தா பாட்டி நெத்தியில துணி நனைச்சுப் போடுவாங்களே, ஓடிகோலன்... அது வேற ஒண்ணுமில்லை, 'கொலோன் தண்ணி'தான்!

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். பூவிருந்தவல்லியை நாமளே பேச்சுல பூந்தமல்லி ஆக்கிட்டோம். இங்கிலீஷ்ல 'பூனமல்லி' ஆச்சு. வேல் + காடு, வேற்காடு. அதாவது வேல மரக் காடு. அந்த 'ற்' இங்கிலீஷ்ல வெறும் 'ஆர்' ஆனதும் காடும் தெரியலை, வேலும் தெரியலை. வெளியூர்க்காரர் 'வெர்கடு'ன்னு படிச்சா அவர் மேல தப்பில்லை.

இதைச் சரி பண்ணத்தான் 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு, 1,018 ஊர்ப் பேர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷ்ல எழுதணும்னு அரசாணையை வெளியிட்டுச்சு. நம்ம அம்பத்தூருக்கும் புது ஸ்பெல்லிங். கோயம்புத்தூர் 'சி'யை விட்டு 'கே'வுக்குத் தாவிச்சு. எழுத்துக்கூட்டல் சரியில்லைன்னு நாலா பக்கமும் விமர்சனம். ஒரு வாரம் போல ஆச்சு, அரசாணை வாபஸ்! ஆசை நியாயமானது. ஆனா தமிழோட ஒலியை இருபத்தாறு எழுத்துக்குள்ள அடக்குறது லேசு இல்லை.

ஊர் பேர் மாறினாலும் நிறுவனத்தோட பேர் தானா மாறாதுங்கிறதையும் கவனிங்க. மெட்ராஸ் 1996-ல சென்னை ஆச்சு. ஐ.ஐ.டி. இன்னும் மெட்ராஸ்தான், ஹைகோர்ட்டும் மெட்ராஸ்தான். ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: 'பேயர்ன் மியூனிக்'ல பேயர்ன் ஜெர்மன், மியூனிக் இங்கிலீஷ். பாதி இட்லி, பாதி பிரெட். ஆனா இங்கிலீஷ்ல அதுதான் நிலைச்ச பேர், கை வெக்காதீங்க.

சரி, அப்ளிகேஷன் போடப் போறவங்களுக்கு:

1. இங்கிலீஷ் கடிதத்துல மியூனிக், கொலோன், நியூரம்பெர்க். உச்சரிப்பு 'மியூனிச்' இல்லை, 'மியூனிக்'. கொலோன்ல 'ஜி' வாயைத் திறக்காது.

2. ஜெர்மன் போஸ்டல் அட்ரஸ்ல ஜெர்மன் பேரையே எழுதுங்க. எழுத்து மேல ரெண்டு புள்ளி இருக்கும். கீபோர்டுல இல்லேன்னா புள்ளியை முழுங்காதீங்க, அந்த எழுத்துக்குப் பின்னாடி ஒரு 'ஈ' சேருங்க. ரயில்வே ஸ்டேஷன் போர்டுலயும் 'க்யோல்ன்'தான் இருக்கும். கொலோனைத் தேடிக்கிட்டே ரயிலை விட்டுடாதீங்க!

3. ஃப்ராங்க்ஃபர்ட் ரெண்டு இருக்கு. ஏர்போர்ட் உள்ள பெரிய ஊர் மைன் நதிக்கரையில. இன்னொண்ணு போலந்து எல்லையில, ஓடர் நதிக்கரையில. நதி பேரையும் சேர்த்து எழுதுங்க.

4. இதுதான் ரொம்ப முக்கியம். உங்க ஊர் பேர்! திருவேற்காட்டுல 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா இல்லையா, 'கே' ஒண்ணா ரெண்டான்னு மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூணுலயும் மூணு விதமா இருந்தா, சந்தேகம் வந்து விளக்கம் கேட்பாங்க. ஃபாரத்துல பாஸ்போர்ட்டுல இருக்கிறபடியே எழுத்து பிசகாம எழுதுங்க. மத்த ஆவணங்கள்ல வித்தியாசம் இருந்தா இப்பவே திருத்த மனு போடுங்க. கடைசி வாரத்துல ஓடினா கவுன்ட்டர்ல கூட்டம்தான் நிக்கும்.

மியூனிக்கை எப்படி எழுதணும்னு உலகமே ஏற்கெனவே முடிவு பண்ணிடுச்சு. அதுல நாம குழம்ப வேண்டாம். திருவேற்காட்டுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. அதை உங்க பேப்பர்ல நீங்கதான் பண்ணணும். இன்னிக்கு சாயங்காலம் பீரோவைத் திறந்து அந்த மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!