எறையூர் டு டூபிங்கன்: 'ஃபீஸே இல்லை'ன்னு கிளம்புறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

எறையூர் என்றால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சர்க்கரை ஆலை. அரவை தொடங்கிவிட்டால் டிராக்டரும் லாரியும் கரும்போடு வரிசைகட்டி நிற்கும். டீக்கடை முதல் பஞ்சர் கடை வரை அத்தனை பேரின் வியாபாரமும் அந்த வரிசையை நம்பித்தான். இப்போது அதோடு சிப்காட்டும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 'ஷூ கம்பெனி வந்தாச்சு, வேலை உள்ளூர்லயே கிடைக்கும்' என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது.

ஆனால், இன்ஜினீயரிங் முடித்த பையனோ பொண்ணோ இருக்கும் வீடுகளில் வேறொரு பேச்சும் ஓடுகிறது. "ஜெர்மனியில ஃபீஸே கிடையாதாம்ல?" துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்றுதான் இந்தப் பக்கம் வெளிநாட்டுக்கு அர்த்தம் இருந்தது. அங்கே போனவர்கள் வேலைக்குப் போனார்கள். முதல் மாதமே வீட்டுக்குப் பணம் வந்தது. ஜெர்மனிக்குப் போகிறவர்கள் முதலில் படிக்கப் போகிறார்கள். பணம் இங்கிருந்து அங்கே போகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் நிலப் பத்திரத்தை பேங்கில் வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கூட்டம் எவ்வளவு?

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,500 பேர். சீனாவை முந்தி, வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் நமக்குத்தான். அடுத்த ஆண்டே இது 58 ஆயிரத்தைத் தாண்டியது. 2024 அக்டோபரில் ஜெர்மனி அரசு, திறன்மிகு இந்தியத் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. எந்த வீட்டுக் கதவு, உள்ளே யாருக்கு எவ்வளவு இடம் என்பதுதான் கேள்வி.

ஒரே தொழிலை நம்பிய ஊர்

ஏஜென்சி விளம்பரங்களில் வரும் கோட்டை, ஆறு, கல் பாவிய தெரு எல்லாம் பெரும்பாலும் பழைய பல்கலைக்கழக நகரங்கள். ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் 1386-ல் தொடங்கியது. இன்றைய ஜெர்மனியில் அதுதான் மூத்தது. ஃப்ரைபுர்க் 1457, டூபிங்கன் 1477, மார்புர்க் 1527, யேனா 1558, கோட்டிங்கன் 1737. பெர்லின், மியூனிக் மாதிரி இவை மாநகரங்கள் அல்ல. டூபிங்கனில் சுமார் 90 ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். அதில் மாணவர்கள் மட்டும் ஏறக்குறைய 28 ஆயிரம்!

எறையூருக்கு ஆலை எப்படியோ, டூபிங்கனுக்குப் பல்கலைக்கழகம் அப்படி. ஊரே அதைச் சுற்றித்தான். நம் ஊரில் அரவைப் பருவத்தில் லாரி வரிசை என்றால், அங்கே அக்டோபரில் செமஸ்டர் தொடங்கும்போது வாடகை அறைக்கு வரிசை. ஒரே நேரத்தில் எல்லாரும் வருவார்கள். எல்லாருக்கும் அறை வேண்டும். எல்லாருக்கும் பார்ட் டைம் வேலையும் வேண்டும். ஊரோ சின்னது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

'இலவசம்' எங்கே இலவசம்?

ஹைடெல்பெர்க், ஃப்ரைபுர்க், டூபிங்கன் மூன்றும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கின்றன. அந்த மாநிலம் 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் வாங்குகிறது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு இது கிடையாது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், நான்கு செமஸ்டர் முதுநிலைப் படிப்புக்கு 6 லட்ச ரூபாய். அதாவது, போஸ்டரில் அதிகம் வரும் ஊர்களிலேயே 'ஃபீஸ் இல்லை' என்பது உண்மை இல்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 முதல் முதுநிலைப் படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்க ஆரம்பித்துவிட்டது.

கோட்டிங்கன், மார்புர்க், யேனா வேறு மாநிலங்களில் இருப்பவை. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்கு ஒருமுறை சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும். பஸ், ரயில் பாஸும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

கட்டணம் இல்லாவிட்டாலும் செலவு உண்டு. விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுன்ட்' என்ற முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. கிட்டத்தட்ட 12 லட்சம். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற அந்த இரண்டு ஏக்கர் பேச்சுக்குள் வருவது இங்கேதான்.

"அங்க போய் சம்பாதிச்சுக்கலாம்..."

சம்பாதிக்கலாம். ஆனால், அளவு இருக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. வாரத்துக்கு 10 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 556 யூரோ வரும். முடக்கக் கணக்கின் மாதத் தொகையில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம். அதுவும் வேலை கிடைத்தால்.

சின்ன ஊரில் வேலைகளும் கொஞ்சம்தான். கஃபே, பேக்கரி, சூப்பர் மார்க்கெட், பல்கலைக்கழக மெஸ். இவற்றுக்கு வரும் வாடிக்கையாளர்கள் ஜெர்மன் பேசுவார்கள். போட்டிக்கு நிற்கும் மற்ற மாணவர்களும் ஜெர்மன் பேசுவார்கள். பெர்லினில் இங்கிலீஷை வைத்து உணவு டெலிவரி பார்த்து ஓட்டுவதுபோல இங்கே ஓட்டுவது கஷ்டம். ஒரு நல்ல வழி, பேராசிரியரிடமோ ஆய்வகத்திலோ 'ஹீவி' எனப்படும் மாணவர் உதவியாளர் வேலை. பல துறைகளில் இங்கிலீஷ் போதும், படிப்புக்கும் உதவும். ஆனால், முதல் செமஸ்டரிலேயே கிடைக்கும் என்று எண்ணி கடன் தவணையைத் திட்டமிடாதீர்கள்.

அறை கிடைக்குமா?

மாணவர் நல அமைப்பான ஸ்டூடியெரெண்டன்வெர்க் நடத்தும் விடுதி அறைதான் மலிவு. அட்மிஷன் கடிதம் வந்த அன்றே, முடிந்தால் அதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் மாதக்கணக்கில் நீளும். அடுத்த வழி 'வேகே' எனப்படும் பகிர்வு வீடு. அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் உங்களிடம் பேசிப் பார்த்து, பிடித்திருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் வீட்டுக்காரர் ஜாதகம் கேட்காத குறைதான்!

வாடகையில் 'குளிர் வாடகை', 'சூடான வாடகை' என இரண்டு வகை உண்டு. முதலாவது அறைக்கு மட்டும். இரண்டாவதில் ஹீட்டர், தண்ணீர் போன்றவையும் சேர்ந்திருக்கும். விளம்பரத்தில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்பணமாகக் குளிர் வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கலாம். அதற்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிக்காது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்' என்று யாராவது மெயில் அனுப்பினால் அது மோசடி. இங்கிருந்து போகிற பிள்ளைகளைக் குறிவைக்கும் பழைய தந்திரம் இது.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். மற்ற அரசு வேலைகள் பலவும் அந்தக் காகிதத்தைக் கேட்கும். தற்காலிக அறை எடுக்கும்போதே 'இந்த முகவரியில் பதிவுசெய்யலாமா?' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரோடு ஒத்து வாழ்வது

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. சனிக்கிழமையே அரிசி, பருப்பு வாங்கி வைக்காவிட்டால் பட்டினிதான். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. மிக்ஸி போட்டுச் சட்னி அரைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து கதவு தட்டுவார்கள். டூபிங்கன் இருக்கும் ஸ்வாபியப் பகுதியில் 'கேர்வோஹெ' என்று ஒரு வழக்கம். அடுக்குமாடியின் மாடிப்படியையும் வாசலையும் வாரம் ஒரு வீடு முறைவைத்துக் கூட்டித் துடைக்க வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால், முறை தவறினால் ஊரில் பேர் கெட்டுவிடும்.

டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பேச ஆள் இல்லாத ஊரில் அந்த இருட்டு லேசானது இல்லை. மாநகரத்தில் தமிழ்க் கடை, தமிழ்ச் சங்கம் என்று தேடிக்கொள்ளலாம். சின்ன ஊரில் உள்ளூர்க்காரர்களோடு பழகியே ஆக வேண்டும். அதற்கும் மொழி வேண்டும்.

முதலில் மொழியைப் பிடித்தவர்

இதில் நமக்கு ஒரு பழைய கதை உண்டு. ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்த பார்த்தலோமேயுஸ் சீகன்பால்க், 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சமயப் பணிக்காக வந்தவர். முதல் வேலையாகத் திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதிப் பழகினார். ஹாலேயில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு தரங்கம்பாடிக்கு வந்தன. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அந்த வழியில் போன தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேயின் ஃப்ராங்கே அறக்கட்டளை வளாகத்தில் இருக்கின்றன. ஹைடெல்பெர்க்கின் தெற்காசிய நிறுவனத்தில் இன்றைக்கும் ஜெர்மன் மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள். 'இங்கிலீஷே போதும்' என்று நம்மிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகு?

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி உண்டு. தாராளம்தான். ஆனால், இப்போது ஜெர்மன் பொருளாதாரம் தள்ளாடுகிறது. 2023, 2024 இரண்டு ஆண்டும் சுருங்கியது. 2025 ஆகஸ்ட்டில் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்தாண்டுகளில் முதல்முறையாக 30 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த மாதமே பாஷ் நிறுவனம் 13 ஆயிரம் வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. ஒருபக்கம் 90 ஆயிரம் விசா, மறுபக்கம் ஆட்குறைப்பு. முரண்போலத் தெரியும். ஆனால், ஆள் பற்றாக்குறை அதிகம் இருப்பது நர்சிங், முதியோர் பராமரிப்பு, எலெக்ட்ரீஷியன், கட்டுமானம் போன்ற வேலைகளில். நம் பிள்ளைகள் குவிவதோ ஐ.டி., மெக்கானிக்கல், ஆட்டோமொபைலில். இரண்டும் வேறு வேறு வரிசை.

அதனால், ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ரேங்கிங் மட்டும் போதாது. சுற்றி என்ன தொழில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யேனாவில் லென்ஸுக்குப் பேர்போன ஸைஸும் கண்ணாடி தயாரிக்கும் ஷோட்டும் பிறந்தன. ஒளியியல் படித்தால் ஆய்வகமும் ஆலையும் ஒரே ஊரில். கோட்டிங்கனில் ஆய்வகக் கருவி தயாரிக்கும் சார்ட்டோரியுஸ் 1870-லிருந்து இருக்கிறது. மார்புர்க்கில் எமில் ஃபான் பெரிங் 1904-ல் தொடங்கிய மருந்துத் தொழில் மரபு. ஹைடெல்பெர்க்கில் ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையம். பக்கத்து வால்டார்ஃபில் எஸ்.ஏ.பி. இப்படிப் பொருந்தாத ஊரில் படித்தால், பட்டம் ஓரிடம், வேலை 400 கிலோமீட்டர் தள்ளி. மறுபடி அறை தேடும் படலம்.

அரசியலையும் மறைக்க வேண்டாம். குடியேற்ற எதிர்ப்பு பேசும் ஏ.எஃப்.டி. கட்சி, 2024 செப்டம்பரில் யேனா இருக்கும் துரிங்கியா மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. 2025 பிப்ரவரி பொதுத் தேர்தலில் 20.8 சதவிகிதத்தோடு இரண்டாமிடம். பல்கலைக்கழக நகரங்கள் பொதுவாக இந்த அலைக்கு வெளியேதான் நிற்கின்றன. ஆனாலும் விதிகள் பெர்லினில் எழுதப்படுகின்றன, அவை மாறலாம்.

அப்போ, போகலாமா?

தாராளமாகப் போகலாம். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை மட்டும் வையுங்கள். சென்னை, கோவையில் கெதே அமைப்பின் மையங்கள் இருக்கின்றன. ஆன்லைன் வகுப்புகளும் உண்டு. இங்கேயே ஜெர்மன் பி1 நிலை வரை முடிக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டை வீண் என்று நினைக்காதீர்கள். 12 லட்சத்தை முடக்கக் கணக்கில் போட்டபின் அங்கே உட்கார்ந்து மொழி படிப்பதைவிட, வீட்டுச் சாப்பாட்டில் படிப்பது மலிவு. அந்த ஓராண்டிலேயே மொழி ஒட்டவில்லை என்றால், நிலம் அடமானத்துக்குப் போகும் முன்பே அது தெரிந்துவிடும். ஒட்டிவிட்டால், வேகேயில் உங்களிடம் பேசிப் பார்க்கிறவர்களுக்கும் கஃபே முதலாளிக்கும் நீங்கள் அவர்கள் மொழியிலேயே பதில் சொல்வீர்கள். பாதிக் கஷ்டம் அங்கேயே தீர்ந்துவிடும்.