21 கியரும் ஓர் எண்ணெய்க் குளியலும்

தென்காசிக்காரர்களுக்கு ஜூன் மாதம் வந்துவிட்டால் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று சாரல். இன்னொன்று, சாரலைச் சாக்கிட்டு வந்து இறங்கும் சொந்தக்காரர்கள். இந்த வருஷம் எனக்கு மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. சைக்கிள்!

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். உதவிபெறும் பள்ளி. ப்ளஸ் ஒன் போனால் அரசாங்கமே இலவச சைக்கிள் தரும். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காக ஆரம்பித்து, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். "அதுவரைக்கும் நடந்தே போகவாப்பா?" என்றாள். நியாயம்தானே?

திருநெல்வேலியில் ஒரு பிரம்மாண்டமான தள்ளுபடிக் கடை. பருப்பு, பனியன், பிளாஸ்டிக் வாளி வரிசையில் சைக்கிளும் நின்றது. 21 கியர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், ஆரஞ்சு பெயின்ட். விலை 4,999. அந்த ஒரு ரூபாய்த் தள்ளுபடியில் நான் விழுந்தேன்.

பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் தகப்பன் ஓட்டிப் பார்ப்பதுதானே முறை? ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளித்துவிட்டு, சாரலில் நனைந்தபடி இறக்கத்தில் வந்தேன். எதிரே கூட்டம். பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள், 'யாரைச் சொல்றே?' என்பது போல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் என்னைத் தடுத்து நிறுத்தியவர், உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிய ஒரு பெரியவர். அவருக்கு அடியில்லை. எனக்கு ஓசியில் எண்ணெய்க் குளியல். வசவு தனி.

சிரித்து முடித்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. மறுநாள் காலை அதில் போக வேண்டியவள் என் மகள்.

நேராக எங்கள் தெரு சைக்கிள் கடைக்கு உருட்டிப் போனேன். அண்ணாச்சி ரிம்மை விரலால் தட்டினார்.

"இது இரும்பு ரிம் தம்பி. மேல முலாம். காய்ஞ்சா பிடிக்கும், நனைஞ்சா பிரேக் கட்டை வழுக்கிரும். அலுமினிய ரிம்முன்னா ஈரத்துலயும் இதைவிட நல்லாவே பிடிக்கும்."

வீலைச் சுற்றினார். கோட்டம். ஹப்பைப் பிரித்தார். பால்ரஸில் பேருக்குத்தான் கிரீஸ். இடது பெடல் பாதி மரையில் கோணலாக ஏறியிருந்தது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். அவசரத்தில் பூட்டியவருக்கு அது மறந்துவிட்டது போலிருக்கிறது.

"அண்ணாச்சி, ஏமாத்திட்டானுவளா?"

"ஏமாத்தல தம்பி. 5,000 ரூவாய்க்குள்ள 21 கியரும் ஸ்பிரிங்கும் வேணும்னா, எங்கயாவது கையைக் கடிக்கணும்லா? கண்ணுக்குத் தெரியாத எடத்துல கடிச்சிருக்காவ. இதே காசுக்கு கியர் இல்லாம வாங்கியிருந்தா, காசு ரிம்முலயும் பால்ரஸ்லயும் போயிருக்கும். இங்கேருந்து பள்ளிக்கூடத்துக்கு எத்தனை கியர் வேணும் பாப்பாவுக்கு?"

ஒன்று போதும். இதை அண்ணாச்சியிடம் கடைசியாகக் கேட்டேன் பாருங்கள், அதுதான் என் புத்தி!

அலுமினிய ரிம், நல்ல பிரேக் கட்டை, கோட்டம் எடுத்து ஓவராலிங், எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். ஆக 6,799. அந்த ஒரு ரூபாய்த் தள்ளுபடி மட்டும் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

சைக்கிள் வாங்கப் போகும் நண்பர்களே, சட்டைப் பையில் ஒரு சின்ன காந்தம் கொண்டு போங்கள். ரிம்மில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். வீலைத் தூக்கிச் சுற்றுங்கள், வளைந்தால் தெரிந்துவிடும். எங்கே வாங்கினாலும் ஒருமுறை சைக்கிள் கடை அண்ணாச்சி கையால் பூட்டி வாங்குங்கள்.

இதையெல்லாம் வீட்டில் பெருமையாக விளக்கினேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பார்த்தபடி மனைவி பெருமூச்சு விட்டாள்.

"எங்கப்பா உங்களைப் பார்க்க வந்தப்போ இதை யாரும் சொல்லலியே!"