முகம் மட்டும் தெளிவு, ஊர் மங்கல்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்ந்திருந்தேன். மகள் மொபைலை நீட்டினாள். புதுசாக வந்த காதல் காமெடிப் படத்தின் டிரெய்லர். பார்த்து முடித்ததும் கேட்டாள்: "அப்பா, தமிழ்நாடு நெஜமாவே இப்படித்தான் இருக்குமா?"

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. வங்கி வேலையில் மாற்றல் மேல் மாற்றலாகி இப்போது பங்காருபாளையத்தில் இருக்கிறோம். பள்ளியில் அவளுக்குத் தெலுங்கு. தென்காசிப் பக்கம் எங்கள் ஊருக்கு வருஷத்தில் நாலு நாள் போனால் அதிகம். மீதி 361 நாளும் அவளுக்குத் தமிழ்நாடு என்றால் இந்த இரண்டரை நிமிஷ டிரெய்லர்கள்தான். துபாயிலும் டொராண்டோவிலும் பிள்ளை வளர்க்கிற உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தப் புலம்பல்.

எனக்கு சினிமா இலக்கணம் தெரியாது. பி.காம். படித்தவன். ஆனால் 'விண்டோ டிரெஸ்ஸிங்' தெரியும். மார்ச் 31 அன்று மட்டும் கணக்கு பளபளவென்று தெரிய வைக்கிற வித்தை. ஏப்ரல் பிறந்ததும் சாயம் வெளுத்துவிடும். நம்முடைய காதல் காமெடி டிரெய்லர்களில் நடப்பது அதுதான். மறைக்கப்படுவது கடன் இல்லை, ஊர்.

எப்படி மறைக்கிறார்கள்? காமிராவில் நீள லென்ஸ், 85 மில்லிமீட்டர் போல. துவாரத்தை முழுசாகத் திறந்துவிட்டால் முகம் மட்டும் கூர்மையாக நிற்கும். பின்னால் டீக்கடை இருந்தாலும் பஸ் ஸ்டாண்ட் இருந்தாலும் எல்லாம் வண்ண வண்ணப் பொட்டுகளாகக் கரைந்துவிடும். சூரியன் கதாநாயகியின் கூந்தலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நொடிக்கு 96 பிரேம் எடுத்து 24-ல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவாக அவள் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் கத்தரி. 150 விநாடிக்குள் நூறு ஷாட் திணித்தால் ஒரு ஷாட்டுக்கு ஒன்றரை விநாடி. அதற்குள் கண் பிடிப்பது முகத்தை மட்டும்தான். ஆக, ஊரை முதலில் லென்ஸ் கொல்கிறது, மிச்சமிருந்தால் கத்தரி கொல்கிறது.

"சின்ன ஸ்கிரீன் சார், முகத்தைத்தானே விற்க முடியும்?" என்பார்கள். சரி, விற்கட்டும். ஆனால் காமெடி என்று சொல்லி விற்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை. தனி முகத்தில் காமெடி கிடையாது. பக்கத்தில் இருக்கிறவன், தடுக்கிற அப்பா, எட்டிப் பார்க்கிற எதிர்வீட்டு மாமி, இவர்கள் தெளிவாகத் தெரிந்தால்தான் சிரிப்பு வரும்.

1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யை நினைத்துப் பாருங்கள். வின்சென்ட்டின் காமிரா, ஈஸ்ட்மென் கலர். நாகேஷ் பேய்க்கதை சொல்வார், பாலையா கேட்பார். நாம் சிரிப்பது சொல்கிற நாகேஷுக்கு மட்டுமா? கேட்டு வெலவெலத்துப் போகிற பாலையாவுக்கும்தானே! இன்றைய டிரெய்லர் லென்ஸில் எடுத்திருந்தால் பாலையா ஒரு மங்கலான பொட்டாகப் போயிருப்பார்.

பழசையே தூக்கிப் பிடிக்கிறேன் என்று திட்ட வேண்டாம். 2000-ல் வந்த 'அலைபாயுதே'யில் பி.சி.ஸ்ரீராம் வெளிச்சத்தோடு விளையாடாத விளையாட்டா? ஆனாலும் அந்த மின்சார ரயிலை எடுத்துவிட்டால் அந்தக் காதலே இல்லை. 2015-ல் அவரே 'ஓ காதல் கண்மணி' செய்தார். இங்கே தெலுங்கில் 'ஓகே பங்காரம்'. (எங்கள் ஊர்ப் பெயரை வைத்து மகள் இன்னும் ஓட்டுகிறாள்.) அதிலும் மும்பை மும்பையாக இருந்தது. அழகுக்கும் ஊருக்கும் பகை இல்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"ஊரைக் காட்டினால் செலவு சார்" என்று அடுத்த சமாதானம் வரும். 2016-ல் தெலுங்கில் வந்த 'பெல்லி சூப்புலு' சின்ன பட்ஜெட் படம்தான். ஒரு வீடு, ஒரு சாப்பாட்டு வண்டி, ஹைதராபாத். 2024-ல் மலையாளத்து 'பிரேமலு'. பிழைக்க வந்த மலையாளிப் பிள்ளைகள் அதே ஹைதராபாத்தில் முழிக்கிற முழிதான் அங்கே காமெடி. நம் கதை அது! தமிழில் நமக்கு அப்படி ஒன்று எங்கே?

இங்கே ஜூன், ஜூலையில் வந்து பாருங்கள். மாம்பழ மார்க்கெட்டுக்கு வரும் டிராக்டர்களில் கிளிமூக்கு மாங்காய் குவிந்திருக்கும். சித்தூர் – பலமனேர் ரோட்டில் லாரிகள் நகர மறுக்கும். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தெலுங்கில் முடிக்கிற ஜனங்கள். என் கவுன்டருக்கு வந்து, லோன் பேப்பரில் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி, ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி கையெழுத்துப் போட்ட புதுத் தம்பதியைப் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல காதல் காமெடி ஷாட் எந்த டிரெய்லரிலும் இல்லை. டியூப்லைட் வெளிச்சம், பின்னால் முறைக்கிற வரிசை. எதையும் மங்கலாக்கத் தேவையில்லை. வரிசைதான் அங்கே காமெடியே.

டிரெய்லர் பார்க்காதே என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த தடவை பிள்ளை மொபைலை நீட்டும்போது நடுவில் நிறுத்தி, "பின்னால என்ன இருக்கு? இது எந்த ஊரு?" என்று கேளுங்கள்.

நான் கேட்டேன். மகள் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். "தெரியலப்பா" என்றாள். அடுக்களையிலிருந்து தங்கமணி, "லீவுக்கு நாலு நாளுக்குப் பதிலா பத்து நாள் ஊருக்குப் போலாமே" என்றாள்.

லீவு லெட்டர் எழுதிவிட்டேன்.