முதலில் காது, பிறகு திருப்புளி

மாணவர்களே, ஒரு கருவி பழுதானால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கைக்கு எட்டிய திருகாணியைத் திருகிப் பார்க்கிறோம். சரியாகவில்லையென்றால் இன்னொன்றைத் திருகுகிறோம். கடைசியில், “பாகத்தை மாற்றிவிடலாம்” என்று கடைக்குப் போகிறோம். இதைப் பழுது பார்த்தல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பழுதைக் கண்டறிவது இயற்பியல். தேர்வுக்காக நாம் செய்யும் பல சோதனைகளைவிட அதற்குக் கூடுதல் சிந்தனை தேவை. இதைக் காட்ட நான் எடுத்துக்கொள்ளும் கருவி, மெல்லிசை மேடைகளில் நீங்கள் பார்த்திருக்கும் பாஸ் கிட்டார்.

நான்கு தந்திச் சுரமானி

1951-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பாஸ்’ என்ற மின் பாஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ‘பிரிசிஷன்’ என்றால் துல்லியம். ஆளுயர டபுள் பாஸில் சுர இடத்தை விரலே தேடிப் பிடிக்க வேண்டும். இதிலோ, வீணையின் மெட்டுகளைப் போல ‘ஃபிரெட்’ என்னும் உலோகக் கட்டைகள் சுர இடங்களை வரையறுத்துவிடுகின்றன. பெயருக்குக் காரணம் அதுதான்.

இதன் தந்திகள் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. ஒரு முனையில் ‘நட்’ என்னும் பள்ளமிட்ட சிறு துண்டு. மறுமுனையில் வீணையின் குதிரையைப் போன்ற ‘பிரிட்ஜ்’. நான்கு தந்திகளின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. சுரமானியில் நீங்கள் சரிபார்க்கும் அதே விதிகள்தாம்! நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமம். ஒரு வளர்ந்த மனிதர் அந்த மரக் கழுத்தில் இரவும் பகலும் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கழுத்து முன்பக்கம் வளையத்தானே செய்யும்? அதை எதிர்த்து நிற்கக் கழுத்தின் உள்ளே ‘டிரஸ் ராட்’ என்ற எஃகுக் கம்பி இருக்கிறது.

கரகரப்பு எங்கே பிறக்கிறது?

பாஸ் கிட்டாரில் அடிக்கடி கேட்கும் குறை, மீட்டும்போது எழும் கரகரப்பு. முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு மீட்டுங்கள். கரகரப்பு அப்போதும் கேட்டால், கோளாறு மரத்திலும் உலோகத்திலும் இருக்கிறது. கேட்காவிட்டால் மின்சுற்றின் பக்கம் திரும்புங்கள். சந்தேகத்துக்குரிய இடங்களில் பாதி, ஒரே சோதனையில் கழிந்துவிட்டது.

மரத்தில்தான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, எந்த இடத்தில்? திறந்த தந்தியில் மட்டும் கரகரத்து, எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும் நின்றுவிட்டால், நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். விரல் அழுத்தியதும் நட்டுக்கு வேலை இல்லாமல் போகிறது அல்லவா? முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் மட்டும் என்றால், கழுத்து அளவுக்கு மீறி நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கலாம். 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேல் மட்டும் என்றால், பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் ‘சேடில்’ தாழ்ந்திருக்கலாம், அல்லது கழுத்து மிகுதியாக முன்வளைந்திருக்கலாம். 6-ஆம் ஃபிரெட்டில் மட்டும் கரகரத்து மற்ற இடங்களில் தெளிவாக ஒலித்தால், 7-ஆம் ஃபிரெட்டைச் சந்தேகியுங்கள். அது தன் இனத்தாரைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். மூன்று ஃபிரெட்டுகளை மட்டும் தொடும் நேரான உலோகத் துண்டை 6, 7, 8-இன் மேல் வையுங்கள். ஊசலாடினால் ஐயம் உறுதி.

கழுத்தின் வளைவை அளப்பதும் எளிது. தந்தியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுத்துக் கட்டிய தந்தியைவிட நல்ல அளவுகோல் வேண்டுமா? நடுவில், 7 அல்லது 8-ஆம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். அதிரும் தந்தியின் வீச்சு நடுவில்தான் மிகுதி; அதற்கு இடம்விடவே இச்சிறு வளைவு.

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவரின் கிட்டாரில் முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் கரகரப்பு. கடையொன்றில் தந்திகளை மாற்றினார்கள், தீரவில்லை. சேடில்களை உயர்த்தினார்கள்; கரகரப்பு குறைந்தது, ஆனால் தந்தியை அழுத்த விரல் வலித்தது. பிக்கப்பையும் மாற்றச் சொன்னார்களாம். நடுவில் இடைவெளியை அளந்து பார்த்தோம், இடைவெளியே இல்லை! டிரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு நாள் பொறுத்து மீண்டும் அளந்தோம். சேடில்களைப் பழைய உயரத்துக்கே இறக்க முடிந்தது. செலவு ஒன்றுமில்லை. மழைக்காலத்திலும் கோடையிலும் மரம் ஈரத்தை ஏற்று இழப்பதால் இவ்வளவுகள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுருதி பிசகினால் ஒரு கணக்கு

திறந்த தந்தி சுருதியில் இருக்கிறது. மேலே போகப் போகப் பிசகுகிறது. இங்கும் சோதனை உண்டு. 12-ஆம் ஃபிரெட், தந்தியின் நடுப்புள்ளி. அங்கே விரலால் இலேசாகத் தொட்டு மீட்டினால், நடுவில் கணு அமைந்து இரண்டாம் சீரிசை கேட்கும். பிறகு அதே இடத்தில் நன்றாக அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாயிருக்க வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் சேடிலைப் பின்தள்ளித் தந்தியை நீட்ட வேண்டும். தாழ்ந்திருந்தால் முன்தள்ள வேண்டும். அழுத்தும்போது தந்தி சிறிது நீண்டு இழுவிசை கூடுவதும், தடித்த தந்தியின் விறைப்பும் இதற்குக் காரணங்கள்.

எவ்வளவு தள்ளுவது? அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். கைபேசியின் சுருதிச் செயலி, அழுத்திய சுரம் 5 சென்ட் கூடுதல் என்று காட்டுவதாகக் கொள்வோம். அது 0.29 சதவீதம். அழுத்திய தந்தியின் நீளம் 432 மி.மீ.; அதில் 0.29 சதவீதம் 1.25 மி.மீ. ஆகவே அவ்வளவு தள்ளினால் போதும் என்று தோன்றும். ஆனால் செய்து பார்த்தால் பாதிப் பிழை மிஞ்சும்! ஏன்? சேடிலைத் தள்ளும்போது திறந்த தந்தியும் நீள்கிறது. அதைத் திரும்பச் சுருதி கூட்டும்போது, நாம் இறக்கியதில் பாதி ஏறிவிடுகிறது. எனவே 864 மி.மீ. நீளத்துக்கு 0.29 சதவீதம், அதாவது 2.5 மி.மீ. தள்ள வேண்டும். பேனாவும் தாளும் எடுத்துச் சரிபாருங்கள்.

உறுமலும் உயிரும்

மீட்டாதபோதும் ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்ற உறுமலா? பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றிய கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். சுற்றிலும் உள்ள மின்கம்பிகளின் மாறும் காந்தப் புலமும் அதே வேலையைச் செய்யும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மிகத் தடித்த தந்தியின் 3-ஆம் ஃபிரெட் 49 ஹெர்ட்ஸ். அதை மீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு விம்மல் கேட்கும். கேட்டால் குற்றவாளி மின்சாரம்தான்!

அடுத்து, தந்தியைக் கையால் தொடுங்கள். உறுமல் குறைந்தால் தந்திகளின் எர்த் இணைப்பு நலம். உட்புறக் கவசம்தான் போதவில்லை. தொட்டதும் கூடினால், பிரிட்ஜுக்குச் செல்லும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். 1957-இல் பிரிசிஷன் பாஸின் பிக்கப்பை ஃபெண்டர் இரண்டாகப் பிரித்து, காந்த முனைகளையும் சுற்றும் திசையையும் எதிரெதிராக அமைத்தார். தந்தியின் குறிகைகள் கூடுகின்றன. உறுமல்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. உறுமலை நிறுத்துவதற்காக ஆம்பிளிஃபயரின் மூன்று முனைச் செருகியில் எர்த் முனையைப் பிடுங்கிவிடுவோர் உண்டு. இது உயிரோடு விளையாட்டு. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அறிகுறியை மறைப்பது வேறு, காரணத்தை நீக்குவது வேறு. ஆம்பிளிஃபயரை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். அது தேர்ந்த மின்பணியாளரின் வேலை.

நான் கேட்பது

“இதெல்லாம் மெக்கானிக் வேலை, மாணவன் பாடத்தைப் படிக்கட்டும்” என்பார்கள். நான் மறுக்கிறேன். அறிகுறியைக் கவனித்தல், சாத்தியமான காரணங்களை வரிசைப்படுத்தல், அவற்றைப் பிரித்துக்காட்டும் சோதனையைத் தேர்தல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், மாற்றியதைக் குறித்துவைத்தல் — அறிவியல் முறை என்று புத்தகத்தின் முதல் பாடத்தில் எழுதியிருப்பது இதைத்தானே? பாஸ் கிட்டார் எல்லாரிடமும் இல்லை, உண்மை. சைக்கிளும் மின்விசிறியும் உண்டு. முறை ஒன்றே.

நம் செய்முறைத் தேர்வில் விடை முன்பே தெரியும். அந்த விடை வரும்வரை அளவீடுகளைத் ‘திருத்தும்’ மாணவர்களும் உண்டு. ஒரு மாற்றம் செய்து பார்க்கலாமே! கப்பியில் உராய்வு மிகுந்த ஒரு சுரமானியை, அதைச் சொல்லாமலே மாணவரிடம் கொடுங்கள். ‘கணக்கிட்ட அதிர்வெண்ணும் கேட்கும் அதிர்வெண்ணும் பொருந்தவில்லை, ஏன்?’ என்று கேளுங்கள். கண்டுபிடித்ததற்கு மட்டுமல்ல, எந்தக் காரணத்தை எந்தச் சோதனையால் கழித்தார் என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். அத்தேர்வில் பக்கத்து மாணவரைப் பார்த்து எழுதிப் பயனில்லை. அவருடைய சுரமானியின் கோளாறு வேறாக இருக்கும்.