லாரியின் அடிப்பாகமும் சங்கத்தின் டீசல் கணக்கும்

சங்கத்தின் சரக்கு வண்டி அங்கத்தினர் யாவருக்கும் பொதுச் சொத்து. அது ஒரு வாரம் பட்டறையில் நின்றால் தறிக்கு வரவேண்டிய நூல் தாமதப்படும். பறித்த காய் சந்தைக்குப் போகாமல் வாடும். ஆயினும், முகப்பின் வர்ணத்தில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட வண்டியின் அடிப்பாகத்தில் காட்டுவதில்லை.

அடிப்பாகத்திற்கு விரோதிகள் இரண்டு. ஒன்று துரு. வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பிரதேசங்களில் ஓடும் வண்டிகளை அது விரைவில் அரித்துவிடும். மற்றொன்று மண்சாலைக் கல்லும் உயர்ந்த வேகத்தடையும். ஆயில் சம்ப் உடைந்து எண்ணெய் ஒழுகிய பின்னும் வண்டியை ஓட்டினால், இன்ஜின் சில நிமிஷங்களில் பாழாகும்.

இதற்குப் பரிகாரமாக, அடிப்பாகம் முழுவதையும் இரும்புத் தகட்டால் மூடிவிடலாம் என்று சிலர் யோசனை கூறுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. 3 மில்லிமீட்டர் கனமும் 2 சதுர மீட்டர் பரப்பும் உள்ள இரும்புத் தகடு சுமார் 47 கிலோ நிறை உள்ளது. ஏறக்குறைய ஒரு மூட்டைச் சரக்கை, கூலியின்றி, ஒவ்வொரு நடையிலும் வருஷம் முழுவதும் சுமப்பதற்கு இது சமம். அதே அளவு அலுமினியத் தகடு சுமார் 16 கிலோதான். ஆனால் விலை அதிகம், அடியைத் தாங்கும் வலிமை குறைவு.

சமமான தகடு காற்றின் எதிர்ப்பைக் குறைத்து டீசலை மிச்சப்படுத்தும் என்ற வாதமும் உண்டு. அது நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆனால் ஊருக்கு ஊர் நின்று செல்லும் நம் வண்டிகளுக்கு அந்த ஆதாயம் சொற்பம். பாரத்தின் நஷ்டமே பெரிது.

ஆகவே நாம் சிபாரிசு செய்வது இதுவே. சம்ப் இருக்கும் இடத்திற்கு மட்டும் சிறிய, உறுதியான தகடு பொருத்துக. எண்ணெய் மாற்றவும் காற்று புகவும் அதில் துவாரங்கள் இருக்கவேண்டும். மற்றப் பாகங்களுக்குத் தார் கலந்த பாதுகாப்புப் பூச்சுப் போதும். அதன் எடை ஒரு பொருட்டன்று. அழுக்குப் போக்காத நூலில் சாயம் சரிவரப் பிடிக்காது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. துருவைச் சுரண்டாமல் பூசினால், பூச்சுக்கு உள்ளேயே இரும்பு அரியும். நீர் வடியும் துவாரங்களையும் பிரேக், சைலன்சர் பாகங்களையும் பூச்சு மூடலாகாது.

கழித்த இன்ஜின் ஆயிலை அடியில் பீச்சும் வழக்கத்தை அடியோடு நிறுத்தவேண்டும். அது ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும், புழுதியைச் சேர்க்கும், சொட்டும் இடத்தில் மண்ணையும் நஞ்சாக்கும். உப்புப் பிரதேசத்தில் ஓடிய வண்டியின் அடிப்பாகத்தை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவுவது அதனினும் மேலான காப்பாகும்.

அடி தட்டாதிருக்கப் பெரிய டயர் போடுவதும் டீசல் செலவைக் கூட்டுவதே. டயரில் காற்றுச் சரியாக இருப்பதும், வேகத்தடையில் ஓட்டுநர் காட்டும் நிதானமும் காசில்லாத காப்புகள்.

நிர்வாகக் குழுவினர் பழுதுச் செலவையும் டீசல் செலவையும் தனித்தனியே பார்த்து ஆறுதல் அடைதல் கூடாது. ஒன்றைக் குறைக்க மற்றொன்றை ஏற்றிவிட்டால், இறுதியில் குறைவது அங்கத்தினரின் விளைபொருளுக்கும் நெசவிற்கும் கிடைக்கும் பணமே. தகடு வாங்கும் தீர்மானத்திற்கு முன், இரு கணக்கையும் ஒருங்கே வைத்து விவாதிக்கும்படி கேட்பது அங்கத்தினரின் உரிமை, கடமையும் ஆகும்.