சட்டம் அறிவோம்: வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

வங்கிக் கணக்கு இல்லாத ஒருவர் இலண்டனிலே சம்பளம் பெறுவதும், வீடு வாடகைக்கு எடுப்பதும், மின்கட்டணம் செலுத்துவதும் எளிதான காரியங்கள் அல்ல. இருந்தும், கணக்குத் திறக்கச் சென்று மறுக்கப்படும் எம்மவர் பலர், ஏன் என்று ஒரு வார்த்தை கேளாமலே திரும்பிவிடுகின்றனர். வங்கி அவர்களுடையது, விருப்பமானால் தருவார்கள், இல்லையேல் மறுப்பார்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவசரத்துக்குச் சீட்டும், ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியலும் எமக்குப் பழகிப்போன வழிகள். சீட்டுப் பிடித்தவர் ஒருநாள் காணாமற் போனால் முறையிடுவதற்கு இடம் தேடி அலைய வேண்டும். வங்கியின் விடயம் அவ்வாறானதன்று. அங்கே சட்டமும் உண்டு, முறையிடும் இடமும் உண்டு.

இந்தச் சட்டம் நேற்று வந்ததல்ல. 1965ஆம் ஆண்டின் முதலாவது இன உறவுச் சட்டம் உணவகம், விடுதி, அரங்கு, பொதுப் போக்குவரத்து போன்ற இடங்களில் மட்டுமே பாரபட்சத்தைத் தடைசெய்தது. வங்கி, காப்புறுதி, கடன் ஆகியவற்றை அந்தத் தடைக்குள் கொண்டுவந்தது 1968ஆம் ஆண்டுச் சட்டமாகும். அப்போதும் பாதிக்கப்பட்டவர் தாமாகவே வழக்குத் தொடுக்க முடியாது. இன உறவுச் சபையிடம் முறையிடவே முடிந்தது. தாமே நீதிமன்றம் செல்லும் உரிமை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் கிடைத்தது. இன்று இவற்றின் இடத்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நிற்கின்றது.

அச்சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி, பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரும் நிறம், தேசிய இனம், பிறந்த நாடு, குடியுரிமை, மதம், பால், அங்கவீனம் போன்ற காரணங்களுக்காகச் சேவையை மறுக்கவோ, குறைந்த தரத்தில் வழங்கவோ, இடையில் நிறுத்தவோ கூடாது. கிளையிலுள்ள ஊழியர் தம் கடமையின்போது செய்த தவறுக்கும் வங்கியே பொறுப்பாகும்.

முகத்துக்கு நேரே "உங்கள் நாட்டவருக்கு இல்லை" என்று எவரும் இக்காலத்திற் சொல்வதில்லை. ஆகவே மறைமுகப் பாரபட்சத்தையே நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான விதியொன்று ஒரு சாராரை மட்டும் அதிகமாகப் பாதிக்குமானால், அவ்விதி நியாயமான நோக்கமொன்றுக்கு அளவாகப் பொருந்துவது என்பதை வங்கி நிறுவ வேண்டும். பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைத் தவிர வேறெந்தப் பத்திரத்தையும் ஏற்கமாட்டோம் என்று ஒரு வங்கி கூறுவதாக வைத்துக்கொள்வோம். தாய்நாட்டு அரசுக்கு அஞ்சி வந்தவர் அதன் தூதரகத்தின் வாசலிற் போய் நிற்க முடியுமா? அவர் கையிலிருப்பது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் கீழான பயணப் பத்திரம். அதை ஏன் ஏற்க முடியாது என்று கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். தளபாடக் கடையொன்று மனைவிக்குத் தவணைக் கடன் கொடுக்கக் கணவனின் பிணையைக் கேட்டது. கணவன் கடன் கேட்டிருந்தால் மனைவியின் பிணையைக் கேட்டிருக்கமாட்டாது. இது சட்டவிரோதமான பால் பாரபட்சமே என்று 1981இல் வெளியான குவின் வழக்கின் அறிக்கையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சட்டத்தின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். பணச்சலவைத் தடை விதிகளின்படி ஆளடையாளம் கேட்பது வங்கியின் கடமை. மேலும், குடியுரிமை வேறு, குடிவரவு அந்தஸ்து வேறு என்று 2016ஆம் ஆண்டு தாய்வோ வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வதிவிட அனுமதி இல்லாத ஒருவருக்கு அக்காரணத்துக்காகவே இழைக்கப்படும் பாதகம், சமத்துவச் சட்டம் கூறும் இனப் பாரபட்சமாகாது. 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமோ, அனுமதியின்றித் தங்கியிருப்போராக உள்நாட்டமைச்சு குறித்துக்கொடுப்போருக்கு நடைமுறைக் கணக்குத் திறப்பதையே தடைசெய்தது. அந்தப் பட்டியலிலும் பிழை நேரலாம். விண்ட்ரஷ் விவகாரம் வெடித்த 2018இல், சட்டபூர்வமாக வாழ்ந்தோர் தவறாகச் சிக்குவர் என்ற அச்சத்தினால், கணக்குச் சோதனைகள் இடைநிறுத்தப்பட்டன.

இருக்கும் கணக்கை மூடுவது இன்னொரு துன்பம். 2014ஆம் ஆண்டு யூலையில் எச்.எஸ்.பி.சி. வங்கி, ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசல் உட்படச் சில முஸ்லிம் அமைப்புகளின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தது. தாங்கள் ஏற்கக்கூடிய ஆபத்தின் அளவுக்கு அவை அப்பாற்பட்டவை என்பதே கடிதங்களிற் கூறப்பட்ட காரணம். மதத்தின் அடிப்படையில் முடிவெடுக்கவில்லை என்று வங்கி மறுத்தது. காரணம் தெளிவாக இல்லாதவிடத்துப் பாரபட்சம் நிகழ்ந்ததா இல்லையா என்பதை எவராலும் சோதித்துப் பார்க்க முடியாது. எமது கோவில்களும் ஊர்ச்சங்கங்களும் இதனை மனதிற் கொள்ளல் நன்று.

ஆகவே, செய்ய வேண்டிய முதற் காரியம் காரணத்தை எழுத்திற் கேட்பதாகும். 2015ஆம் ஆண்டின் கொடுப்பனவுக் கணக்கு ஒழுங்குவிதிகளின்படி, திறைசேரி பெயர் குறித்த பெரிய வங்கிகள், சட்டபூர்வமாக இங்கு வசிக்கும் தகுதியுடையோருக்கு அடிப்படைக் கணக்கு வழங்கியாக வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்து 10 வேலைநாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். மறுத்தால், சட்டம் தடுக்கும் சில சந்தர்ப்பங்கள் தவிர, காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தின் பெறுமதி பெரிது. பாரபட்சம் நடந்திருக்கலாம் என்று நீதிமன்றம் எண்ணத்தக்க சான்றுகளை நீங்கள் முன்வைத்துவிட்டால், அப்படி நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் வங்கியின் தலையில் விழும். முகப்பில் ஒரு காரணமும் கடிதத்தில் வேறொரு காரணமும் சொல்லப்பட்டால் அந்த முரண்பாடே உங்களுக்குச் சான்றாகலாம். எனவே சென்ற திகதி, நேரம், பேசியவரின் பெயர், சொல்லப்பட்ட வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள்.

அடுத்து, இரண்டு வழிகள் உண்டு. முதலில் வங்கியிடம் முறையிட்டு, 8 வாரத்துள் இறுதிப் பதில் வராவிடின், அல்லது வந்த பதில் திருப்தி தராவிடின், நிதிச்சேவை ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து 6 மாத அவகாசம் உண்டு. மற்றையது கவுண்டி நீதிமன்றம். மனப்புண்ணுக்கும் அங்கே இழப்பீடு கேட்கலாம். வருமானம் குறைந்தோர் சட்ட உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.

இங்கேதான் பலர் தவறக்கூடும். நீதிமன்றத்துக்கான 6 மாதம் மறுக்கப்பட்ட நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒம்புட்ஸ்மனின் முடிவுக்குக் காத்திருப்பதால் அது நின்றுவிடாது. மார்ச் 10ஆம் திகதி மறுக்கப்பட்டவர் செப்ரெம்பர் 9ஆம் திகதிக்குள் வழக்கைப் பதிந்துவிட வேண்டும். தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். அதை நம்பியிருப்பது புத்தியன்று. ஒம்புட்ஸ்மனின் இறுதி முடிவை ஏற்றுக்கொண்டவர் அதே விடயத்துக்காக மேலும் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் செல்லவும் முடியாது. எந்த வழி ஏற்றது என்பதை முதல் மாதத்திலேயே ஒரு சட்டத்தரணியுடனோ, பிரசைகள் ஆலோசனை நிலையத்துடனோ கலந்து தீர்மானியுங்கள்.

முறையிட்டவரை அதற்காகவே பழிவாங்குவதும் இச்சட்டப்படி குற்றஞ்சாட்டத்தக்க தனியானதொரு தவறாகும். ஆதலால் அச்சம் வேண்டாம். கேட்பவருக்கே இந்தச் சட்டம் பயன்படும்; காலத்திற் கேட்பவருக்கு மட்டுமே பயன்படும்.