தேக்கா பக்கத்துக் குளங்கள்



தீபாவளிக்குத் துணிமணி எடுக்கவும் உறவினரைப் பார்க்கவும் சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்கள் உங்களில் பலர். சிராங்கூன் சாலையில் இறங்கினால் வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, நகைக்கடை, வாழையிலைச் சாப்பாடு, பிறகு பஸ். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இரண்டு பொது நீச்சல் குளங்கள் இருந்தன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலாவது மவுண்ட் எமிலி குன்றின் மேல். 1931இல் நகராட்சி திறந்தது. சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் அதுதான். கட்டிய விதத்தைக் கேளுங்கள்: அது முன்பு குடிநீர்த் தேக்கமாக இருந்தது. 1929இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் பெரிய தேக்கம் கட்டி முடிந்ததும் பழைய தொட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. அதைச் சீர்செய்து மக்கள் நீந்த விட்டார்கள். வெள்ளைக்காரர்களுக்கு 1894லேயே தனியாக நீச்சல் கிளப் இருந்தது. கூலிக்காரன் பிள்ளைக்கு ஒரு குளம் கிடைக்க இத்தனை ஆண்டுகளும் ஒரு பழைய தொட்டியும் தேவைப்பட்டன!

இரண்டாவது, குதிரைப் பந்தயம் நடந்த ஃபேரர் பார்க்கில் 1957இல் திறக்கப்பட்டது. 1973இல் தென்கிழக்காசியப் போட்டிகளுக்காக தோ பாயோவில் இன்னொன்று வந்தது. பிறகு அடுக்குமாடி வீடுகள் எழுந்த புதிய நகரங்களில் நூலகம், சந்தை போலக் குளமும் சேர்ந்துகொண்டது.

பணம் எங்கிருந்து வந்தது? பொதுப் பணந்தான். நுழைவுச் சீட்டை நம்பி யாரும் பொதுக் குளம் வெட்டுவதில்லை. குளம் கட்டுவது ஒரு முறைச் செலவு. அதற்குப் பின் வருவதுதான் பெரிய செலவு. தண்ணீரைப் பம்பு இழுத்து, மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் கலந்து, திரும்பக் குளத்துக்கு அனுப்ப வேண்டும். இது நாள் முழுவதும் ஓடும். கரையில் உயிர்காப்பாளர் நிற்க வேண்டும். கூட்டமே இல்லாவிட்டாலும் அவருக்குச் சம்பளம் உண்டு. இதையெல்லாம் சீட்டு விலையில் ஏற்றினால் ஏழைப் பிள்ளை வாசலோடு திரும்பிவிடும். ஆகவே பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. 2014இல் அங்கே குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் விளையாட்டு வசதிகளில் செலவழிக்க ஆளுக்கு நூறு வெள்ளி கணக்கில் போட்டார்கள். 2010 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் உயிர் பிழைக்கும் பாடமும் நடக்கிறது: மிதப்பது, உடுப்போடு விழுந்தால் என்ன செய்வது, மூழ்குகிறவனைத் தானும் மூழ்காமல் காப்பது.

எனக்கு மனத்தில் தைத்தது அந்தப் பாடந்தான். நம் பிள்ளைகள் எங்கே நீந்தக் கற்கிறார்கள்? ஆற்று வளைவில், பழைய ஈயக்குட்டையில். கற்றுக்கொடுப்பது இரண்டு வயது மூத்த அண்ணன். பள்ளி விடுமுறை தொடங்கினால் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அடிவயிறு கலங்கும். பெண்பிள்ளைகளுக்கோ அதுவும் இல்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டு நிற்பார்கள். தவறி விழுந்தால் அவர்களுக்குத்தான் முதலில் ஆபத்து. உடை பற்றிக் கூச்சப்படும் தாய்மார்களே, முழங்கால்வரை மூடும் நீச்சலுடை இப்போது கடைகளில் கிடைக்கிறது.

"தோட்டம் தனியார் நிலம், அரசாங்கப் பணம் உள்ளே வராது" என்ற பேச்சு நமக்குப் பழகிப்போனது. இருக்கட்டும். பக்கத்துப் பட்டணத்தில் கட்டும் குளத்துக்கு நாமும் வரி கொடுத்தவர்கள்தாமே? தோட்டப் பள்ளிக்கு வாரத்தில் ஒரு காலை ஒதுக்கி, ஒரு பஸ்ஸும் விடுங்கள் என்று கேட்பதற்கு நிலம் தடையல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கடிதம் எழுதலாம். புதிய குளம் என்று யாராவது மேடையில் அறிவித்தால் இன்னொன்றும் கேளுங்கள்: ஐந்தாம் ஆண்டு பம்பு பழுதானால் யார் பணம் கொடுப்பார்கள்? குளம் பாசி பிடித்துப் பூட்டிக் கிடப்பதற்குக் கட்ட முடியாமல் போனது காரணமாயிராது, பராமரிக்கப் பணம் ஒதுக்காததே காரணமாயிருக்கும்.

சிங்கப்பூரிலும் குளங்களை மூடியிருக்கிறார்கள். மவுண்ட் எமிலி 1981இலும் ஃபேரர் பார்க் 2003இலும் மூடப்பட்டன. ஃபேரர் பார்க் திடலில் வீடுகள் கட்டும் திட்டம் 2021இல் வந்தபோது, பழைய நீச்சல் வளாகத்தின் முதன்மைக் கட்டடத்தை இடிக்காமல் வைப்பதாகச் சொன்னார்கள். அங்கே நீந்தக் கற்றவர்களுக்கு அது ஆறுதல்.

அடுத்த முறை தேக்கா போகிறவர்கள் பிள்ளைகளுக்கு நீச்சலுடை ஒன்று பையில் வையுங்கள். ஜாலான் புசார் பக்கம் டிர்விட் சாலையில் ஒரு பொதுக் குளம் உண்டு. வெளிநாட்டாருக்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதல். பராமரிப்புக்காக மூடும் நாளும் உண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.